ஆப்கானிஸ்தான்ல பெண்களுக்குன்னு வந்த காசு எல்லாம் தண்டமா?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

2001-ல இருந்து 2021 வரைக்கும் பெண் சமத்துவம்னு சொல்லி உலகமே ஆப்கானிஸ்தான்ல காசை கொட்டுச்சு. இன்னைக்கு ஆறாம் கிளாஸுக்கு மேல ஒரு பொண்ணு ஸ்கூல் போக முடியல. ஆக அத்தனையும் தண்ட செலவு. சண்டை நடக்குற நாட்டுல முதல்ல அரசாங்கம், போலீஸ், ரோடு, கரண்ட், பெண்கள் விஷயமெல்லாம் அதுக்கு அப்புறம். இல்லைன்னு சொல்றவங்க ஆதாரத்தோட வாங்க.

9 பிப்ரவரி, ராத்திரி

வந்துட்டேன். நான் அங்க ஒரு என்ஜிஓல கணக்கு, அப்புறம் கண்காணிப்பு வேலை பார்த்தவன். காபுல்ல ஆபீஸ், ஃபீல்டு வடக்கு பக்கம். தலிபான் திரும்பி வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன், அதனால கடைசி நாள் ஏர்போர்ட் கதையெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க.

முதல்ல "கொட்டுச்சு"ங்கிறதை பார்ப்போம். அமெரிக்க அரசோட ஆப்கான் சீரமைப்பு செலவை தணிக்கை பண்ண சிகார்னு ஒரு அமைப்பு இருந்துச்சு. அவங்க 2021 பிப்ரவரில போட்ட ரிப்போர்ட்ல, 2002-ல இருந்து 2020 வரைக்கும் பெண்களுக்காகவே நேரடியா செலவானது குறைஞ்சது 78 கோடியே 74 லட்சம் டாலர்னு கணக்கு சொல்றாங்க. மொத்த சீரமைப்பு செலவு எவ்வளவு தெரியுமா, கிட்டத்தட்ட 14,500 கோடி டாலர். வகுத்து பாருங்க, நூத்துக்கு அரை ரூபாய்க்கு கொஞ்சம் மேல தான் தேறுது. மத்த ப்ராஜெக்டுக்குள்ள பெண்களுக்குன்னு ஒளிஞ்சிருந்த பங்கை தனியா எண்ணவே முடியலன்னு அவங்களே சொல்றாங்க, சரி, அதை ரெண்டு மடங்குன்னே வச்சுக்கோங்க. கொட்டுன காசு போனது படைக்கும் போலீஸுக்கும். நீங்க "முதல்ல"ன்னு சொன்னீங்களே, அது தான் முதல்ல நடந்துச்சு. அந்த படை 2021 ஆகஸ்ட்ல எவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சதுன்னு எல்லாரும் டிவில பார்த்தோம்.

தண்ட செலவே இல்லைன்னு நான் சொல்ல வரல. தண்டமா போனது நிறைய இருக்கு, அதுல சிலதுக்கு பில் போட்டு பாஸ் பண்ணதே நான் தான். எது தண்டம், எது இல்லைங்கிறதுல தான் உங்களோட எனக்கு சண்டை.

10 பிப்ரவரி

"பெண்கள் விஷயம் அப்புறம்"ங்கிறதுக்கு வர்றேன்.

2002-ல நாலு மாவட்டத்துல பிரசவ மரணத்தை வீடு வீடா போய் கணக்கெடுத்தாங்க. காபுல்ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 400 சொச்சம் பேர் சாவு. காந்தஹார் மாகாணம் மைவந்த்ல 2,000-க்கு மேல. படக்ஷான் மாகாணத்துல ராக்னு ஒரு மலை மாவட்டம், அங்க 6,500 சொச்சம். அந்த மாதிரி ஒரு நம்பரை அதுக்கு முன்னாடி உலகத்துல யாரும் எங்கயும் பதிவு பண்ணதில்லன்னு சொன்னாங்க. ரோடு கிடையாது, கழுதை மேல தான் போகணும், பனி மாசத்துல அதுவும் இல்ல. மொத்த நாட்டுக்கும் அப்போ 467 மருத்துவச்சிங்க தான் இருந்தாங்கன்னு கணக்கு.

இப்ப சொல்லுங்க, இது பெண்கள் விஷயமா, அரசாங்க விஷயமா?

அதுக்கு அரசாங்கமும் என்ஜிஓக்களும் சேர்ந்து பண்ணது தான் நான் அங்க பார்த்ததுலயே உருப்படியான வேலை. காபுல்ல படிச்ச நர்ஸை மலைக்கு அனுப்பினா ஒரு மாசம் கூட நிக்க மாட்டாங்க, அது எல்லாருக்கும் தெரியும். அதனால மலையிலயே பொண்ணை தேடினாங்க. ஒன்பதாவது வரைக்கும் படிச்சிருந்தா போதும், ஊர் ஷூரா (பெரியவங்க சபை) "இந்த பொண்ணை நாங்க அனுப்புறோம், திரும்பி வந்து எங்க ஊர் கிளினிக்ல வேலை பார்ப்பா"ன்னு ஒத்துக்கணும், வீட்டு ஆம்பளை கையெழுத்து போடணும். 18 மாசம் படிப்பு, அப்புறம் அதை 24 மாசம் ஆக்கினாங்க. மாகாண ஊர்ல ஹாஸ்டல், கைக்குழந்தையோட வந்து தங்கலாம், குழந்தையை பார்த்துக்க ஆள் உண்டு. இந்த கடைசி விஷயம் இல்லைன்னா பாதி பேர் வந்திருக்கவே மாட்டாங்க. எட்டு வருஷத்துக்குள்ள மருத்துவச்சிங்க எண்ணிக்கை ரெண்டாயிரத்தை தாண்டிடுச்சு.

ஊர் பெரியவங்க ஏன் ஒத்துக்கிட்டாங்க? அவங்க வீட்டு பொம்பளைங்க சாகுறாங்க. ஆம்பளை டாக்டர்கிட்ட காட்டவும் மாட்டாங்க. அப்போ பொம்பளை தான் படிச்சாகணும். எந்த கட்டுப்பாடு பொம்பளைய வீட்டுக்குள்ள வச்சுதோ, அதே கட்டுப்பாடு தான் ஒருத்திய வெளிய அனுப்பி சம்பளம் வாங்க வச்சுது. இதை காசு கொடுக்குற டோனருக்கு எழுதுற ப்ரொபோசல்ல எழுத முடியாது, ஆனா ஃபீல்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்.

நான் போன ஒரு கிளினிக்ல மருத்துவச்சியோட புருஷன் தான் வாட்ச்மேன். அது அங்க சாதாரணம், பொண்ணு தனியா வேலைக்கு வர முடியாதுன்னு ஜோடியா எடுப்பாங்க. சம்பளம் பொண்டாட்டிக்கு அதிகம். நான் அவர்கிட்ட சம்பள ஷீட்ல கையெழுத்து வாங்குறப்ப மேல இருக்குற அந்த அம்மா தொகையை ஒரு தடவை பார்த்துட்டு, கீழ தன்னோடதை பார்த்துட்டு, என்னை பார்த்து சிரிச்சாரு. வெக்கமா பெருமையான்னு எனக்கு பிடிபடல.

10 பிப்ரவரி, கொஞ்சம் கழிச்சு

"அப்போ பர்தா கட்டுப்பாடு நல்லதுன்னு சொல்றீங்களா"ன்னு கேட்டிருக்காரு ஒருத்தர். சொல்லல தம்பி. மேல இருக்குறதை இன்னொரு தடவை படிங்க.

12 பிப்ரவரி

பிரசவ மரணம் 2010-லயே 327-க்கு வந்துடுச்சுன்னு ஒருத்தர் போட்டிருக்காரு, எனக்கு சப்போர்ட்டா தான் போட்டிருக்காரு, நன்றி. ஆனா அந்த நம்பரை தூக்கிக்கிட்டு சண்டைக்கு போகாதீங்க. அந்த சர்வேய அப்பவே நிறைய பேர் நம்பல, தெற்கு பக்கம் பாதுகாப்பு இல்லாத கிராமங்களை சரியா எடுக்க முடியலன்னு. ஐநா பின்னாடி போட்ட மதிப்பீட்டுல 2020-க்கே 620-னு இருக்கு. இறங்குச்சு, நல்லாவே இறங்குச்சு, ஆனா 327 இல்ல. நம்ம பக்கத்து ஆளுங்க நம்பரை ஊதுறது தான் எனக்கு எதிர் பக்கத்து ஆளுங்களை விட அதிக எரிச்சல்.

15 பிப்ரவரி

ஸ்கூல் பத்தி எழுத சொன்னீங்க.

கோர் மாகாணம்னு மேற்குல ஒரு வறண்ட மலைப் பகுதி. அங்க 31 கிராமத்தை எடுத்துக்கிட்டு, குலுக்கல் போட்டு 13 கிராமத்துக்கு 2007-ல ஊருக்குள்ளயே ஒரு வகுப்பு ஆரம்பிச்சு கொடுத்தாங்க, மத்த ஊருங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சு. கட்டடம் கிடையாது, யாரோ வீட்டு அறை, இல்ல மசூதி. வாத்தியார் அந்த ஊர்க்காரரே. புர்டே, லிண்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தாங்க. பொண்ணுங்க சேர்க்கை 52 சதவீதப் புள்ளி ஏறுச்சு, பசங்களோடது 35. அதாவது ஆம்பளை பொம்பளை வித்தியாசம் சேர்க்கையில கிட்டத்தட்ட காணாமலே போச்சு.

இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, "பெண் கல்வி முக்கியம்"னு யாரும் மைக் பிடிச்சு பேசல. போஸ்டர் இல்ல, பாட்டு இல்ல, தெருக்கூத்து மாதிரி நாடகம் இல்ல. தூரத்தை குறைச்சாங்க, அவ்வளவு தான். ஒவ்வொரு மைல் தூரத்துக்கும் பசங்களை விட பொண்ணுங்க அதிகமா நின்னுபோறாங்கன்னு அதே ஆராய்ச்சி சொல்லுது. பொண்ணு படிக்க கூடாதுங்கிற கொள்கை உள்ள அப்பாக்களை விட, பொண்ணை ரெண்டு மைல் தனியா அனுப்ப மனசில்லாத அப்பாக்கள் தான் அங்க அதிகம். வெளியில இருந்து பார்த்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரி தெரிவாங்க.

ஆனா ஒரு விஷயம் அப்பவே உறுத்துச்சு. அது எல்லாமே ஆரம்ப வகுப்பு. அஞ்சாவது ஆறாவது முடிச்சா அடுத்து? ஏழாவதுக்கு மேல பொண்ணுங்களுக்கு பொம்பளை டீச்சர் தான் வேணும்பாங்க, கிராமத்துல பொம்பளை டீச்சர் இல்ல, ஏன் இல்ல, போன தலைமுறையில பொண்ணுங்க படிக்கல. முட்டையா கோழியா கதை. மருத்துவச்சிக்கு பண்ண மாதிரி ஊர்லயே பொண்ணை பிடிச்சு டீச்சர் ஆக்குற வேலை நடந்துச்சு, ஆனா அந்த வேகத்துல நடக்கல. தலிபான் திரும்பி வந்து 2021 செப்டம்பர்ல பசங்களுக்கு மட்டும் மேல்நிலை பள்ளிய திறந்தாங்க, 2022 மார்ச் 23-ந் தேதி பொண்ணுங்களுக்கும் திறக்குறோம்னு சொல்லி அன்னைக்கு காலைலயே அழ அழ திருப்பி அனுப்பினாங்க. அந்த தடை விழுந்த கோடு எங்க இருக்கு பாருங்க, ஆறாவதுல. ஏற்கனவே கிராமத்துல எங்க கை மெலிஞ்சு போயிருந்த அதே இடம். நகரத்துல அந்த தடை ஒரு இடி. தூரத்து கிராமங்கள்ல பல பொண்ணுங்களுக்கு அதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடம் அங்க முடிஞ்சு போயிருந்துச்சு. இதை சொன்னா ரெண்டு பக்கமும் அடிப்பாங்க, பரவால்ல.

16 பிப்ரவரி

தண்ட செலவுன்னா என்னன்னு கேட்டவருக்கு, இந்தாங்க.

ப்ரோமோட்னு ஒரு திட்டம், 2014 நவம்பர்ல அமெரிக்க உதவி அமைப்பு ஆரம்பிச்சது. 21 கோடியே 60 லட்சம் டாலர். 75,000 இளம் பெண்களை தலைவர்களாவும் அதிகாரிகளாவும் தொழில்முனைவோராவும் ஆக்குறோம்னு இலக்கு. உலகத்துலயே அவங்க போட்ட மிகப்பெரிய பெண்கள் திட்டம்னு விளம்பரம். 2018-ல அதே சிகார் தணிக்கை பண்ணப்போ, மூணு வருஷத்துக்கு மேல ஓடியும் பெண்களோட நிலைமைய இது உயர்த்துச்சான்னு காட்டுறதுக்கு ஒழுங்கான அளவீடே இல்லைன்னு எழுதுனாங்க. எத்தனை பேர் வகுப்புல உக்காந்தாங்கன்னு இருந்துச்சு, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதுங்கிற பக்கம் ரொம்ப சொற்பம்.

வேடிக்கை என்னன்னா, அந்த திட்டம் ஆரம்பிக்கிற அதே மாசம் அதிபரோட மனைவி ரூலா கனி ஆஸ்லோல ஒரு கூட்டத்துல, காண்ட்ராக்ட் மேல காண்ட்ராக்ட், வொர்க்ஷாப் மேல வொர்க்ஷாப், கடைசில கையில காகித சர்டிஃபிகேட் மட்டும்ங்கிற பழைய கதைக்கே திரும்ப போயிடாதீங்கன்னு வெளிப்படையா கேட்டுக்கிட்டாங்க. கேட்டவங்க கை தட்டிட்டு போய் வொர்க்ஷாப் போட்டாங்க.

நான் கணக்கு பக்கம் உக்காந்ததால எனக்கு தெரிஞ்சது வருகைப் பதிவு ஷீட் தான். கைநாட்டு, கைநாட்டு, கையெழுத்து, கைநாட்டு. ஒரே பேர் தலைமைப் பண்பு பயிற்சில இருக்கும், அடுத்த மாசம் வேற டோனரோட மனித உரிமை பயிற்சில இருக்கும், அதுக்கு அடுத்து தேனீ வளர்ப்புல இருக்கும். மோசடி இல்ல, உண்மையிலேயே வந்த பொண்ணுங்க தான். ஆபீஸுக்கு பக்கத்துல இருந்த, வீட்டுல விடுற, ஓரளவு படிச்ச அதே கொஞ்சம் பேரை தான் எல்லா என்ஜிஓவும் கூப்பிடுது. போக்குவரத்து படி கொடுக்குறாங்க, சாப்பாடு போடுறாங்க, வீட்டை விட்டு நாலு மணி நேரம் வெளிய உக்காந்து நாலு பொம்பளைங்களோட பேசலாம். நானா இருந்தாலும் வந்திருப்பேன். தேனீ பத்தி அவங்களுக்கு என்ன தெரிஞ்சுதோ இல்லையோ, மாவட்ட ஆளுநர்கிட்ட யாரை பிடிச்சா காரியம் நடக்கும்னு அந்த நாலு மணி நேரத்துல தெரிஞ்சுகிட்டாங்க. அதை அளக்க எந்த ஃபார்ம்லயும் கட்டம் இல்ல.

16 பிப்ரவரி, பின்குறிப்பு

சர்டிஃபிகேட்டை லேமினேட் பண்ணலாமான்னு ஒரு மீட்டிங்ல அரை மணி நேரம் பேசினோம். பண்ணிக்கலாம்னு முடிவாச்சு.

21 பிப்ரவரி

கண்காணிப்பு பத்தி ஒரு மேடம் நல்ல கேள்வி கேட்டிருக்காங்க, "பயனாளிகளை நீங்க எப்படி சந்திச்சீங்க"ன்னு.

சந்திக்கல மேடம். அது தான் உண்மை. பெண்களுக்கான ப்ராஜெக்டுல பாதிக்கு மேல நான் பயனாளி முகத்தையே பார்த்தது இல்ல, பார்க்கவும் கூடாது. ஆம்பளைங்க ஷூராவோட உக்காந்து பச்சை டீ குடிப்பேன், உள்ள எங்க ஆபீஸ் பொண்ணு பெண்கள் ஷூராவோட உக்காருவா. அவ வெளிய வந்து ஜீப்ல ஏறின பிறகு தான் எனக்கு நிஜ ரிப்போர்ட். வெளிய என்கிட்ட "எல்லாம் நல்லா நடக்குது, கடவுள் புண்ணியம்"னு சொல்லியிருப்பாங்க. உள்ள அவகிட்ட "பம்பை மாலிக் (ஊர்த் தலைவர்) வீட்டு வாசல்ல போட்டுட்டாங்க, அங்க ஆம்பளைங்க கூட்டம், எங்களால தண்ணி எடுக்க போக முடியல"ன்னு சொல்லியிருப்பாங்க.

அதனால அந்த ஆபீஸ் பொண்ணு இல்லைன்னா ப்ராஜெக்டே இல்ல. அவ வெளியூர் போகணும்னா கூட மஹ்ரம்னு துணைக்கு வீட்டு ஆம்பளை வேணும், அண்ணனோ தம்பியோ புருஷனோ. அவருக்கு டிக்கெட், சாப்பாடு, தங்குற இடம். இதுக்கு நாங்க ஒரு பட்ஜெட் லைன் போட்டா வெளிநாட்டு ஆடிட்டர் சிவப்பு வட்டம் போடுவாரு, "இந்த நபர் ஊழியர் இல்லை, இவருக்கு ஏன் மதிய உணவு?" பதில் எழுதுவோம். அடுத்த வருஷம் வேற ஆடிட்டர், அதே வட்டம். ஒரு தடவை அந்த மஹ்ரம் பன்னெண்டு வயசு தம்பி, அவனுக்கு ஹோட்டல் ரூம் வாடகை எதுக்குன்னு கேட்டாங்க.

பெண் ஊழியர்களுக்கு ஆகுற இந்த கூடுதல் செலவை "நிர்வாகச் செலவு"ன்னு குறைக்க சொல்லிக்கிட்டே, பெண் பயனாளி எண்ணிக்கைய கூட்ட சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே ஈமெயில்ல வரும்.

25 பிப்ரவரி

"இதெல்லாம் மேற்கத்திய நாடு திணிச்சது, அந்த மண்ணுக்கு ஒத்து வராது"ன்னு நாலு பேர் வரிசையா எழுதியிருக்காங்க. கொஞ்சம் நில்லுங்க.

1920-கள்ல அமானுல்லா அரசரும் ராணி சொரயாவும் பொண்ணுங்களுக்கு பள்ளிக்கூடம் திறந்து, 1928-ல சில பொண்ணுங்களை துருக்கிக்கு படிக்கவே அனுப்பினாங்க. அமெரிக்கா எங்க இருந்துச்சு அப்போ? 1964 அரசியல் சட்டத்துல ஓட்டுரிமை, 1965 தேர்தல்ல நாலு பெண்கள் கீழ்சபைக்கு ஜெயிச்சு வந்தாங்க. முதல் தலிபான் காலத்துல சகீனா யாக்கூபின்னு ஒரு ஆப்கான் கல்வியாளரோட அமைப்பு வீட்டுக்குள்ள ரகசிய பள்ளிக்கூடங்கள் நடத்துச்சு. ஹெராத்ல தையல் வகுப்புன்னு பேர் சொல்லி உள்ள இலக்கியம் படிச்சாங்க. இதெல்லாம் யார் திணிச்சது?

அதே நேரம் திணிச்சதும் உண்டு. அமானுல்லா 1929-ல நாட்டை விட்டே ஓட வேண்டி வந்துச்சு. வரி, படைச்சேவைன்னு காரணங்கள் பல, பெண்கள் சீர்திருத்தம் அதுல ஒண்ணு. 1978-ல கம்யூனிஸ்ட் அரசு ஏழாம் ஆணைன்னு ஒண்ணு போட்டு மஹர் (கல்யாணத்துல மாப்பிள்ளை பக்கம் கொடுக்குறது) தொகை 300 ஆப்கானிக்கு மேல கூடாது, பொண்ணுக்கு 16 வயசு ஆகணும்னு சொன்னாங்க. ஆணை நல்ல ஆணை தான். ஆனா அதை கொண்டு போனவங்க கிராமத்துக்குள்ள ஆயுதத்தோட புகுந்து பொம்பளைங்களை எழுத்தறிவு வகுப்புக்கு இழுத்துட்டு போனதா பேச்சு பரவி, அடுத்த வருஷம் மார்ச்ல ஹெராத் கிளர்ச்சி வெடிச்சப்போ அதுவும் ஒரு கோபமா சேர்ந்துச்சு. 2001-க்கு அப்புறம் வெளிநாட்டு ராணுவ முகாம்லயே உக்காந்து "பெண்கள் மையம்" கட்டிக் கொடுத்தது அதே வழி தான். கட்டடம் யார் பக்கம்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சுன்னா, அங்க போற பொம்பளையும் அந்த பக்கத்து ஆள் ஆயிடுவா. ராத்திரி வாசல்ல மிரட்டல் கடிதம் விழும்.

2 மார்ச்

தேசிய ஒற்றுமை திட்டம் பத்தி சொல்லாம விட்டா இந்த பேச்சு முழுமையாகாது. 2003-ல ஆரம்பிச்சது. ஊர்ல ரகசிய ஓட்டு போட்டு ஒரு கவுன்சில், வீட்டுக்கு 200 டாலர் கணக்குல மானியம், ஒரு ஊருக்கு 60,000 டாலர் வரைக்கும், என்ன கட்டணும்னு ஊரே முடிவு பண்ணும். பெண்களுக்கு கட்டாயம் பங்கு. நிறைய இடத்துல ஆம்பளை கவுன்சில் மசூதில, பெண்கள் கவுன்சில் யாராவது ஒரு வீட்டுல, நடுவுல காகிதத்தை தூக்கிட்டு ஓடுற ஒரு சின்ன பையன் இல்ல ஒரு வயசான பாட்டி. பாட்டிக்கு எங்க வேணாலும் போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. அந்த பாட்டிங்க தான் அந்த திட்டத்தோட பாதி நிர்வாகம்.

இதையும் 500 கிராமத்துல அளந்து பார்த்தாங்க. பெண்கள் ஊர் விஷயத்துல கலந்துக்கிறது கூடுச்சு, அதை ஆம்பளைங்க ஏத்துக்கிறதும் கூடுச்சு, வெளிய போய் வர்றது, சம்பாதிக்கிறது கொஞ்சம் கூடுச்சு. வீட்டுக்குள்ள யார் முடிவெடுக்குறாங்கங்கிறது மட்டும் அசையல.

முன்னாடி இதை படிச்சப்போ "பாருங்க, வேலை செஞ்சுது"ன்னு சந்தோஷப்பட்டேன். இப்ப அந்த கடைசி வரி தான் மனசுல நிக்குது. 10-ந் தேதி நான் எழுதினதோட இது முட்டுது. ஆம்பளைங்களுக்கும் லாபம் இருக்குற வழியா போனா சுலபமா நடக்கும்னேன். சரி, ஆம்பளைங்களுக்கு லாபம் இல்லாத விஷயம் என்ன ஆகும்?

3 மார்ச்

நேத்து கேள்விக்கு நானே பதில் எழுதுறேன், தூக்கம் வரல.

அடி வாங்குற பொண்ணுக்கு ஒரு தங்குமிடம் வேணும். எந்த ஊர் ஷூராவும் "எங்க ஊருக்கு ஒண்ணு கட்டிக் கொடுங்க"ன்னு மனு எழுதாது. அங்க தூரத்தை குறைச்சோ சம்பளம் காட்டியோ ஒண்ணும் ஆகாது. சட்டம் வேணும், வக்கீல் வேணும், பூட்டின கதவு வேணும், வெளியில இருந்து காசு வேணும். 2009-ல பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு சட்டம் அதிபர் ஆணையா வந்துச்சு, 22 குற்றங்கள், கட்டாயக் கல்யாணம், தகராறு தீர்க்க பொண்ணை கொடுக்குற பாத் எல்லாம் அதுல உண்டு. 2013 மே மாசம் ஃபவ்சியா கூஃபிங்கிற பெண் எம்.பி. அதை பார்லிமெண்ட் ஒப்புதலுக்கு கொண்டு போனப்போ எதிர்ப்பு கிளம்பி, கொஞ்ச நேரத்துலயே விவாதத்தை நிறுத்திட்டாங்க. அந்த சபையில 249 சீட்ல குறைஞ்சது 68 பெண்களுக்குன்னு அரசியல் சட்டமே ஒதுக்கியிருந்துச்சு, எல்லா பெண் உறுப்பினர்களும் கூட அவங்க பக்கம் நிக்கல. அதை கொண்டு போனதே தப்பு, ஆணையாவே விட்டிருக்கணும்னு பெண்கள் அமைப்புகளுக்குள்ளயே சண்டை. 2011-ல அரசாங்கமே தங்குமிடங்களை எடுத்துக்க பார்த்துச்சு, பெண்கள் அமைப்புகள் போராடி நிறுத்துனாங்க.

இந்த பக்கம் வேலை பார்த்தவங்க யாருக்கும் ஊர் நன்றி சொல்லல. எங்களை மாதிரி கிளினிக் பள்ளிக்கூடம்னு போனவங்களுக்கு மாலையும் டீயும், அவங்களுக்கு கொலை மிரட்டல். 2021-க்கு அப்புறம் தங்குமிடங்கள் மூடுனப்போ உள்ள இருந்த பொண்ணுங்க எங்க போனாங்கங்கிறதை பத்தி நான் அதிகம் யோசிக்காம இருக்கவே பார்க்குறேன். ஒன்பது பத்து வருஷமா "சத்தமில்லாம செய்யுறது தான் சாமர்த்தியம்"னு பேசிட்டு திரிஞ்சவன் நான். சத்தம் போட்டவங்க முன்னாடி நின்னு அடி வாங்குனதால தான் எங்களுக்கு அந்த சத்தமில்லாத இடமே கிடைச்சுதோன்னு இப்ப தோணுது. உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா தோணுது.

3 மார்ச், மதியம்

தூக்கம் வராம எழுதுனதை அழிக்கலாமான்னு பார்த்தேன், இருக்கட்டும்.

11 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்காரு. "உங்க மருத்துவச்சி உதாரணமும் போச்சே, டிசம்பர்ல அந்த படிப்பையும் நிறுத்திட்டாங்களே"ன்னு. ஆமா சார். 2022 டிசம்பர் 20 பல்கலைக்கழகம், நாலு நாள் கழிச்சு என்ஜிஓல பெண்கள் வேலை பார்க்க தடை, 2023 ஏப்ரல்ல ஐநாவுக்கும், ஜூலைல அழகு நிலையங்கள், 2024 டிசம்பர்ல மருத்துவச்சி, நர்ஸ் படிப்பு. வரிசையா எனக்கும் தெரியும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. என்ஜிஓ தடை வந்த மறுநாளே பெரிய அமைப்புகள் சிலது பெண் ஊழியர் இல்லாம எங்களால வேலையே செய்ய முடியாதுன்னு நிறுத்திட்டாங்க. அது வீம்பு இல்ல, மேல ஜீப் கதை சொன்னேனே, அதே தான். கொஞ்ச நாள்ல சுகாதாரத்துக்கு விலக்கு, அப்புறம் ஆரம்பக் கல்விக்கு. ஏன் அந்த ரெண்டுக்கு மட்டும்? அதிகாரத்துல இருக்குறவங்களுக்கும் பொண்டாட்டி இருக்கா, பிரசவம் இருக்கு. ஏற்கனவே படிச்சு முடிச்ச மருத்துவச்சிங்க இன்னும் வேலை பார்க்குறாங்க, இன்னைக்கு கூட. புதுசா யாரும் வரலைங்கிறது தான் பயம். இருக்குறவங்களுக்கு வயசாகும், சிலர் நாட்டை விட்டு போவாங்க, அதோட விளைவு உடனே தெரியாது, கொஞ்ச வருஷத்துல மலை மாவட்டத்துல தான் முதல்ல தெரியும்.

இதுல இன்னொரு கூத்து. 2025 ஜனவரி கடைசில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிறுத்துச்சா, அதுல அங்க கிளினிக்குகள் மூட ஆரம்பிச்சாச்சு. ஒரு பக்கம் காபுல் ஆளுங்க படிப்பை நிறுத்துறாங்க, இன்னொரு பக்கம் வாஷிங்டன் ஆளுங்க சம்பளத்தை நிறுத்துறாங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா கூட இவ்வளவு கச்சிதமா பண்ண முடியாது.

அதனால "தண்டம்"ங்கிறதுக்கு என் பதில்: கையில படிப்பும் வேலையும் இருக்குற பொம்பளைங்க இருபது வருஷத்துல உருவானாங்க, அவங்க கிட்ட இருந்து அதை பிடுங்க தினம் ஒரு ஆணை போட வேண்டியிருக்கு. ஒண்ணுமே நடக்கலைன்னா இத்தனை ஆணை எதுக்கு?

12 மார்ச்

நேத்து கடைசி வரி கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி ஆயிடுச்சு. வாக்கியம் நல்லா வந்துச்சுன்னு விட்டேன். ஆணை எண்ணிக்கைய வச்சு சாதனைய அளக்குறதும் வருகைப் பதிவு ஷீட்டை வச்சு அளக்குற மாதிரி தான். மருத்துவச்சி எத்தனை பேர் இன்னும் சம்பளத்தோட வேலைல இருக்காங்க, அதை எண்ணுங்க, போதும்.

20 மார்ச்

ஒரு தங்கச்சி, இதே மாதிரி சண்டை ஓயாத வேற ஒரு நாட்டுல பெண்கள் திட்டத்துக்கு வேலை கிடைச்சிருக்கு, போகலாமா, இன்டர்வியூல என்ன கேக்கணும்னு எழுதியிருக்கா. போம்மா, தாராளமா போ. ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேளு. உள்ளூர் பெண் ஊழியர் எத்தனை பேர், அதுல ஃபீல்டுக்கு போறவங்க எத்தனை, ஆபீஸ்ல உக்காந்து டைப் பண்றவங்க எத்தனை. அவங்க கூட வர்ற வீட்டு ஆளுக்கு பட்ஜெட்ல இடம் இருக்கா, இல்ல அவங்க சம்பளத்துல இருந்து போகுதா. ஃபீல்டு ஆபீஸ்ல பெண்களுக்கு தனி டாய்லெட் இருக்கா, சிரிக்காத, இது ஒண்ணு இல்லாததால வேலைய விட்டவங்களை எனக்கு தெரியும். குழந்தையோட வந்தா பார்த்துக்க ஆள் உண்டா. திட்டம் எத்தனை வருஷம், மூணு வருஷத்துக்கு குறைவுன்னா பயிற்சி மட்டும் தான் நடக்கும், வேலை நடக்காது. நிலைமை மோசமானா வெளிநாட்டு ஆளுங்களை ஏத்திட்டு போற திட்டம் கட்டாயம் இருக்கும், உள்ளூர் பெண்களுக்கு என்ன திட்டம்னு கேளு, பயனாளி பேர், ஃபோட்டோ, கைநாட்டு ஷீட்டெல்லாம் எங்க வைப்பாங்க, ஆட்சி மாறினா அதை யார் அழிப்பாங்கன்னும் கேளு, ஏன்னா 2021-ல காபுல்ல பல ஆபீஸ்ல கடைசி நிமிஷத்துல தான் அந்த ஃபைல்களோட ஞாபகம் வந்துச்சு. இதுக்கு பதில் சொல்ல முடியாம முழிச்சாங்கன்னா சம்பளம் எவ்வளவுன்னு கூட கேக்காத. அப்புறம் அந்த ஊர் பாஷைய இப்பவே படிக்க ஆரம்பி, மொழிபெயர்க்கிறவர் ஆம்பளையா இருந்தா உனக்கு வந்து சேர்றது பாதி தான்.

கான்ட்ராக்ட் காப்பி வந்ததும் தனி மெசேஜ்ல அனுப்பு, இன்சூரன்ஸ் பக்கத்தை நான் பார்த்து சொல்றேன்.